குத்தகைக் கணக்கில் வராத மீன்கள்

எங்கள் பக்கம் ஏரிக்கு மீன்பாசி ஏலம், அதாவது மீன் பிடிக்கும் உரிமை, எடுத்தவர் முதல் வேலையாகக் குஞ்சு வாங்கி வந்து விடுவார். கட்லா இத்தனை ஆயிரம், ரோகு இத்தனை ஆயிரம், மிர்கால் கொஞ்சம், பாசி மண்டிக் கிடந்தால் புல்கெண்டையும் சேர்த்து. ஏலத்தொகை, குஞ்சு விலை, தீவனச் செலவு, காவலுக்கு இருக்கிறவர் சம்பளம், கடைசியில் வலை இழுத்தபோது ஏறிய எடை என்று எல்லாம் ஒரு நோட்டில் இருக்கும். அந்த நோட்டில் குறவை இருக்காது, உளுவை இருக்காது. ஆரால், அயிரை, பனையேறி எதற்கும் ஒரு வரி கிடையாது. விரால் சிக்கினால் மட்டும் தனியாக எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள், அதன் விலை அப்படி. மற்றதெல்லாம் பொடிமீன் என்று கூறு போட்டுக் கரையிலேயே விற்றுத் தீர்ந்துவிடும்.

யாரும் காசு போட்டு விடாத இந்த மீன்களுக்கு யார் பொறுப்பு? குத்தகைதாரரைக் கேட்டால், வந்தவரை லாபம் என்பார், அவர் நிலையில் அது நியாயம்தான். ஊருக்கு ஏலத்தொகை வந்தால் சரி. மார்க்கெட்டில் வாங்குகிறவருக்கு முள் குறைவாக இருந்தால் சரி. மிச்சம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் தூண்டில் ராடைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகிற நாம்தான். மீனை ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து, வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்றி, இது இன்ன மீன் என்று முகம் பார்த்துச் சொல்கிறவர்கள் தூண்டில்காரர்கள் மட்டும்தான். ஆகவே இந்தப் பொறுப்பும் நம் தலையில்தான் விழுகிறது. பிடிக்கிறதோ இல்லையோ.

வேலூர்க்காரன் மீனைப் பற்றிப் பேசினால் வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வருவதுண்டு. சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று நம்மைக் கேலி பேசியே பழகிவிட்டார்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-இல் சாமி வந்துவிட்டார். பாலாற்றில் 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனதை நாமே பாலத்தின் மேல் நின்று பார்த்தோம். ராஜாதான் பாக்கி.

ஆனால் அந்தக் கேலியில் ஓர் உண்மை உண்டு. தமிழ்நாட்டுக்குள் 222 கிலோமீட்டர் ஓடும் பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கிறது. ஏரிகளும் பங்குனி, சித்திரைக்குள் சேறாகி வெடித்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் காலங்காலமாகத் தாக்குப்பிடித்த மீன்கள் வறட்சிக்குப் பழகியவை. விரால், குறவை, தேளி, பனையேறி நான்கும் மேலே வந்து காற்றை நேரடியாக வாங்கிக்கொள்ளும். தண்ணீர் வற்றினால் விரால் ஈரச் சேற்றுக்குள் இறங்கி அடுத்த மழைவரை கிடக்கும். பனையேறி செவுள்மூடியில் உள்ள முட்களை ஊன்றி ஈரத் தரையில் நகர்ந்து அடுத்த குட்டையைத் தேடிப் போகும். ஆரால் உடம்பை மண்ணில் புதைத்து மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அயிரைக்கு மணல் அடித்தளம் வேண்டும், கொஞ்சம் தெளிந்த ஓட்டமும் வேண்டும்.

அப்புறம் ஒரு நாள் ஜவ்வாதுமலைப் பக்கம் மேகம் கறுத்து மழை கொட்டும். ஓடை செந்நீராக இறங்கும். வரத்துக் கால்வாயில் புதுத்தண்ணி வாசம் வந்ததும் ஏரியில் இருக்கிற நாட்டு மீன்கள் எல்லாம் நீரை எதிர்த்து ஏறத் தொடங்கும். ஏரி நிரம்பிக் கோடி போனால், அதாவது மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்தால், கீழே இருக்கிற மீனும் கோடி வழியாக மேலே ஏறப் பார்க்கும். வயல் வரப்போரம், புல் முளைத்த ஆழமில்லாத தண்ணீர், இவைதான் முட்டையிட அவற்றுக்குத் தோதான இடம். ஒரு வருஷத்து வம்சம் முழுக்க அந்தச் சில நாள் ஓட்டத்தை நம்பித்தான் இருக்கிறது. நாமும் சரியாக அந்த நாளில்தான் கோடியில் போய் நிற்கிறோம்.

விராலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ராடு பிடிக்கிறவர்களில் பாதிப்பேர் இந்த மீனுக்காகத்தான் தூக்கத்தை விடுகிறோம்.

கரையோரம் முழங்கால் தண்ணீரில், கோரை அடர்ந்த இடத்தில், விரால் ஜோடி வட்டமாக ஒரு பகுதியைச் சுத்தம் பண்ணி வைத்திருக்கும். அங்கே போட்ட முட்டைகள் மஞ்சளாக, கண்ணாடி மணி போல நீர்மட்டத்தில் மிதக்கும். ஓரிரு நாளில் பொரித்துவிடும். கொஞ்சம் வளர்ந்ததும் குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில், நூற்றுக்கணக்கில், ஒரே திரளாக நகர ஆரம்பிக்கும். எல்லாம் சேர்ந்து காற்று வாங்க மேலே வரும்போது அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் சிவந்து துடிக்கும். ஒரு நொடி. பிறகு மொத்தமாகக் கீழே இறங்கி, நாலு அடி தள்ளி மறுபடியும் மேலே வரும். திரளுக்குக் கீழே, நம் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், தாயும் தகப்பனும் நிற்கின்றன. தவளை குதித்தாலும், தண்ணிப்பாம்பு நெருங்கினாலும், கொக்கு கால் வைத்தாலும் பாய்ந்து அடிக்கும். குஞ்சுகள் நிறம் மாறிக் கருத்துப் பிரிந்து போகும்வரை, வாரக்கணக்கில் இந்தக் காவல் நடக்கும்.

ரப்பர்த் தவளையைப் பொய் இரையாக வைத்து விரால் பிடிக்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். குஞ்சுத் திரளைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் நடுவில் தவளையை விட்டு இழுத்தால் பெரிய விரால் கட்டாயம் அடிக்கும். சில வீடியோக்களில் இதையே ஒரு நுணுக்கமாகச் சொல்லித் தருகிறார்கள். கேமராவைத் திருப்பிக் குஞ்சுகளையும் ஒருமுறை காட்டிவிட்டு, அடுத்த வீச்சில் தாயைத் தூக்குகிறார்கள். பெருமையாக ஒரு புகைப்படம். அந்தப் பக்கம் குஞ்சுத் திரளுக்குள் ஜிலேபிக் கெண்டையும் குறவையும் புகுந்து முடித்துவிடும், அது எந்த வீடியோவிலும் வராது.

ஒரு மழைக்காலக் காலையில், காட்பாடிக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரியில் கல்லூரிப் பையன் ஒருவன் இப்படித்தான் குஞ்சு மேல் வீசிக்கொண்டிருந்தான். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் கரையில் குந்திக்கொண்டு பார்த்தார்.

"ஏம்பா, அங்கியே போட்டுக்கினு கீற?"

"குஞ்சு மேல போட்டா ஒடனே அடிக்கும் தாத்தா. ஈஸி."

"அடிக்காம இன்னா பண்ணும்? உன் வூட்ல பூந்து புள்ளையத் தொட்டா உங்கம்மா சும்மா இருப்பாளா?"

பையன் சிரித்தான். இன்னொரு தடவை வீசவும் செய்தான். விரால் அடித்தது, ஆனால் முள் பிடிக்கவில்லை. அதற்குள் திரள் கோரைக்குள் போய்விட்டது. "நல்ல சைஸு அண்ணா, விட்டுட்டேன்" என்று என்னிடம்தான் வருத்தப்பட்டான். பெரியவர் அதற்குள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

மீன் தின்பதை நான் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டில் விரால் குழம்பு வைத்தால் இரண்டு வேளைக்குச் சண்டை நடக்கும். மூங்கில் கழியில் நாக்குப்பூச்சி (மண்புழு) கோர்த்து, அன்றைய குழம்புக்கு நாலு கெண்டை பிடித்துக்கொண்டு போகும் ஆயாவால் எந்த ஏரியும் காலியாகாது. ஏரி மீன்பிடிப்பையே தொழிலாகக் கொண்ட செம்படவர் குடும்பங்களுக்கு எந்தக் கண் உள்ள வலையை எப்போது இறக்கவேண்டும் என்று நாம் பாடம் எடுக்கத் தேவையில்லை. நான் பேசுவது பொழுதுபோக்குக்குப் பிடிக்கிற நம்மைப் பற்றி. நமக்கு அந்த மீன் இல்லாவிட்டால் உலை காயப்போவதில்லை. அதனால் விட்டுக்கொடுக்கவேண்டியதும் நாம்தான். குஞ்சோடு திரியும் விராலைத் தொடாதே, ஒரு அடிக்குக் குறைந்த விராலை எடுக்காதே. இந்த இரண்டை எங்கள் தூண்டில்காரர் கூட்டத்தில் கட்டாயமாக்கிவிட்டோம். ஏறத்தாழ ஒரு அடி நீளம் வந்த பிறகுதான் விரால் முட்டையிடும் பருவத்துக்கு வருகிறது. அதற்கு முன்னால் எடுத்தால் அது ஒரு தடவைகூட வம்சம் விடாமல் போகிறது.

இன்னொரு வகைக் கெடுதல் நல்ல எண்ணத்தில் செய்யப்படுவது. ஏரியில் மீன் குறைந்துவிட்டது, நாமே கொஞ்சம் குஞ்சு வாங்கி விடுவோம் என்று யாராவது ஒருவர் வருஷா வருஷம் கிளம்புவார். கட்லாவும் ரோகுவும் நம் ஊர் மீன் என்று பலர் நினைக்கிறார்கள். அவை கங்கைச் சமவெளி மீன்கள். 1957-இல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி போட்டுப் பெருங்கெண்டைகளை முட்டையிட வைத்துக் காட்டினார். அதன் பிறகுதான் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் குஞ்சு உற்பத்தி செய்து எந்த ஏரியிலும் விடலாம் என்றானது. அதனால் பல குடும்பங்கள் பிழைக்கின்றன, அதை மறுக்கவில்லை. குத்தகை ஏரியில் அது விவசாயம், அப்படியே இருக்கட்டும். குத்தகைக்குப் போகாத காட்டு ஓடையிலும், மலையடிவார மடுவிலும், பாலாற்றில் தேங்கும் குட்டையிலும் போய் நாம் எதற்குக் கட்லாவைக் கொட்டவேண்டும்?

ஜிலேபி 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. தாய் மீன் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும், பிறந்த சில மாதத்தில் குஞ்சும் முட்டையிடத் தயாராகிவிடும். இன்று தூண்டில் போட்டால் முதலில் வருவது அதுதான். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. கள்ளத்தனமாக வளர்க்கும் குட்டை ஒரு மழையில் உடைந்தால் அது ஏரிக்கு வந்துவிடுகிறது. காற்றை உறிஞ்சும், ஈரத்தில் நகரும், வாய்க்கு அடங்கிய எதையும் தின்னும். நம் நாட்டு மீன்கள் வறட்சிக்காகக் கற்றுவைத்த வித்தையெல்லாம் அதற்கும் தெரியும், உடம்பு மட்டும் பல மடங்கு பெரிது. வீட்டுத் தொட்டியில் வளர்ந்துவிட்ட டேங்க் கிளீனர் மீனைக் கொல்ல மனசில்லாமல் கோட்டை அகழியிலோ ஏரியிலோ விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மீனுக்குக் காட்டும் இரக்கத்தை ஏரிக்கும் கொஞ்சம் காட்டலாம். இந்த மூன்றும் மாட்டினால் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். கரையில் வீசி நாறவிடவும் வேண்டாம். தின்பதைத் தின்னுங்கள், மற்றதைத் தென்னை மரத்தடியில் புதையுங்கள்.

நல்ல எண்ணம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் காவிரியில் ஒரு கதை இருக்கிறது. ஒகேனக்கலுக்கு மேலே, கர்நாடகப் பகுதியில் காலிபோரே என்ற இடத்தில் தூண்டில் முகாம் ஒன்று இருந்தது. மஹ்சீர் என்ற பெரிய ஆற்றுக் கெண்டையைப் பிடிக்க உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் வருவார்கள். பிடித்த மீனை எடை பார்த்து, திரும்ப விட்டுவிடவேண்டும், அது கட்டாயம். காவிரிக்கே உரிய மஹ்சீர் முதுகு திமிலாக உயர்ந்து, ஐம்பது கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது. இதற்கிடையில் மகாராஷ்டிரத்தில் லோனாவ்லாவில் ஒரு பெரிய பொரிப்பகத்தில் நீலத்துடுப்பு மஹ்சீரைக் குஞ்சு பொரிக்கவைத்து நாடு முழுக்க அனுப்பினார்கள். மஹ்சீர் அழிந்துவிடக் கூடாது என்ற எண்ணம்தான். காவிரியிலும் விட்டார்கள்.

முகாமில் ஒவ்வொரு மீனும் பதிவேட்டில் ஏறியது. என்றைக்கு, எத்தனை மணி நேரத் தூண்டிலுக்கு, எந்த வகை, எவ்வளவு எடை. 1998 முதல் 2012 வரையிலான அந்தப் பதிவுகளை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். பிடிபடும் மஹ்சீரின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிருந்தது. தூண்டில்காரர்களுக்கு மகிழ்ச்சி, ஆறு செழிப்பாக இருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். வகை பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கூடியதெல்லாம் வெளியிலிருந்து வந்த நீலத்துடுப்பு. திமில் மஹ்சீர் வருஷத்துக்கு வருஷம் தேய்ந்து, கடைசியில் எப்போதாவது ஒன்று என்ற நிலைக்கு வந்திருந்தது. அது டோர் ரேமாதேவி என்ற இனம்தான் என்று 2018-இல்தான் உறுதியானது. அதே ஆண்டில் மிகவும் அருகிவிட்ட இனமாகவும் உலகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. பேர் தெரியும் முன்பே போய்விட இருந்த மீன் அது. அழிவுக்கு ஆதாரம் என்று கையில் இருந்தது அந்த முகாமின் நோட்டுப் புத்தகம்.

இதைப் படித்த பிறகுதான் எங்கள் கூட்டத்திலும் நோட்டு போடலாம் என்று பேச்சு வந்தது. பெரிய வேலை ஒன்றும் இல்லை. தேதி, இடம், என்ன மீன், எத்தனை சாண், முட்டையோடு இருந்ததா, விட்டோமா எடுத்தோமா. மீன் மாட்டாத நாளையும் எழுதவேண்டும், அதுதான் பலருக்குக் கசக்கிறது. வெறுங்கையோடு வந்ததை எழுத்தில் ஒப்புக்கொள்ள யாருக்கு ஆசை? காவேரிப்பாக்கம் ஏரிப் பக்கம் போகிறவர்கள், மோர்தானா அணைக்குக் கீழே கவுண்டன்ய ஆற்றில் போடுகிறவர்கள், அமிர்திப் பக்கம் போகிறவர்கள் என்று ஆளாளுக்கு அவரவர் இடத்தை எழுதுகிறார்கள். காப்புக்காட்டுக்குள் யாரும் ராடோடு நுழையக்கூடாது, வெளியே ஓடும் ஓடையோடு சரி. இதுவரை எழுதியதை வைத்துப் பெரிய முடிவெல்லாம் சொல்ல முடியாது. ஆனால் ஆரால் என்று எழுதிய வரிகளெல்லாம் மலையடிவார ஓடைகளிலிருந்தே வருகின்றன, ஊருக்குள் இருக்கும் ஏரிகளில் ஜிலேபிக்கு மேல் ஜிலேபி.

இதையெல்லாம் பேசினால் உடனே ஒரு கேள்வி வரும். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றை என்ன பண்ணியது என்று தெரியாதா, மணல் அள்ளியவர்களைக் கேட்டாயா, எங்களிடம் மட்டும் வந்து விரால் குஞ்சுக் கதை சொல்கிறாயே என்பார்கள். கேள்வி சரிதான். ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரை ஆற்றுக்கு நடந்தது சின்ன விஷயம் இல்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற கொள்கையை நாட்டுக்கே சட்டமாக்கியது. மணல் போன இடத்தில் உளுவைக்கும் அயிரைக்கும் வாழ இடமே இல்லை. தூர் வாருகிறோம் என்று ஏரியைத் தட்டையாக ஒரே ஆழத்துக்குச் சுரண்டும்போது ஜேசிபி வாளியில் வண்டலோடு உறங்கிக்கிடந்த விராலும் வருகிறது. வாருவதை வாரட்டும், ஒரு மூலையில் நாலு சென்ட் சேற்றை விட்டுவைத்தால் என்ன குறைந்துவிடும்?

ஆனால் இந்தக் கேள்விக்கு என் பதில் ஒன்றுதான். தோல் கழிவுக்கு எதிராக வழக்குப் போட்ட ஊர் இது. கேட்கவேண்டிய இடத்தில் கேட்கத் தெரிந்தவர்கள் நாம். அதனாலேயே நம் கையில் இருக்கும் முள்ளுக்கு நாம் பதில் சொல்லாமல் இருக்கமுடியாது. ஓடையில் பேட்டரி வைத்துக் கரண்ட் விடுகிறவனையும், பிளீச்சிங் பவுடர் கரைக்கிறவனையும் முதலில் பார்ப்பது யார்? விடியற்காலையில் அங்கே இருக்கிற நாம்தான். வெடியும் விஷமும் வைத்து மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். போலீசுக்கு ஒரு போன் பண்ண நாம் தயங்குகிறோம், ஏனென்றால் பெரும்பாலும் அவன் தெரிந்தவனாக இருக்கிறான். இதில் நான் யாருக்கும் அறிவுரை சொல்லும் தைரியசாலி இல்லை. ஆளோடு போய்ப் பேசுவது, கேட்காவிட்டால் ஊர்ப் பெரியவரிடம் சொல்வது, அதற்கும் மசியாவிட்டால் போன். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் இரண்டாவதிலேயே முடிந்துவிடுகிறது.

பிடித்து விடுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. விரால் காற்று வாங்கும் மீன் என்பதால் வெளியே நெடுநேரம் உயிரோடு இருக்கும். அதை வைத்து, "விரால்தானே, தாங்கும்" என்று பாறை மேல் போட்டுப் பத்துப் போட்டோ எடுத்துவிட்டு விடுகிறோம். வேலூர் வெயிலில் காலை ஒன்பது மணிப் பாறையில் கை வைத்துப் பார்த்தால் தெரியும். உடம்பைப் போர்த்தியிருக்கும் வழவழப்பு போனால் அந்த இடத்தில் பூஞ்சை பிடித்துவிடும். நீந்திப் போனதே என்று நாம் நிம்மதியாக வீட்டுக்கு வருவோம், அது ஒரு வாரம் கழித்துச் சாகும். கையை நனைத்துக்கொண்டு பிடி. தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்று. தவளையில் வரும் இரட்டை முள்ளின் எதிர்முள்ளைப் பிளையரால் நசுக்கிவிடு, மீன் ஒன்றிரண்டு தப்பும், தப்பட்டும். தொண்டைக்குள் இறங்கிவிட்ட முள்ளைப் பிடுங்காதே, நூலை நறுக்கிவிடு. நறுக்கிய மிச்ச நூலைப் பையில் போட்டுக்கொண்டு வா, நீர்க்காகத்தின் காலில் அது சுற்றிக்கொண்டு கிடப்பதை நிறையப் பார்த்தாயிற்று.

சித்திரை, வைகாசியில் கடைசியாக மிஞ்சும் மடுவில் தூண்டில் போடுவதில்லை என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. அந்த வெயிலில் யாருக்கும் போக ஆசையும் இல்லை. தகராறு கோடியைப் பற்றித்தான். ஐப்பசியில் ஏரி கோடி போகும் முதல் வாரம் யாரும் அங்கே போகக்கூடாது என்று நானும் இன்னும் சிலரும் சொல்கிறோம். வருஷம் முழுக்கக் காத்திருப்பதே அந்த வாரத்துக்குத்தான், ஊர்க்காரர்கள் வலை போடும்போது நாம் மட்டும் வேடிக்கை பார்ப்பதா என்று மறுபக்கம் கேட்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் இந்த வாதம் ஓடிக்கொண்டே இருக்கிறது. வலை போடும் ஊர்க்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசலாம், வயிற்றில் முட்டையோடு ஏறுவதை மட்டுமாவது விடச் சொல்லிப் பார்க்கலாம் என்று ஒருவர் போன வாரம் எழுதினார். டீச்செலவு யாருடையது என்பதில் வந்து நிற்கிறது. நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.